வலது பெடல்

மூன்றாவது தடவையும் அனிஷாவின் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போய் நின்றது. கம்ப்யூட்டர் திரையில்தான். ஆனாலும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவள் அப்பா அம்புரோஸ் பதறி எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்த கையோடு மகளுக்குப் புதுப் பெடலைப் பூட்டிக் கொடுத்திருந்தார்.

விமானப் பயிற்சிப் பள்ளியில் தரையிறங்கும் சோதனையில் ஒருமுறை தோற்றுவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு வாரத்தில் மறுசோதனை. அதிலும் தவறினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் இதுவரை இருந்தது முறுக்கினால் விமானத்தின் மூக்கு திரும்பும் ஜாய்ஸ்டிக். நிஜ விமானத்தில் அது காலின் வேலை. கைக்குப் பழகியது காலுக்கு எப்படித் தெரியும்? பத்து நாள் வீடியோவாகப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்த பெடல் இது. லேசான ஸ்பிரிங் ஆகாது, மிதித்தால் எதிர்த்து நிற்க வேண்டும், இரண்டு பெடலுக்கும் நடுவில் நிஜத்தில் உள்ள அகலம் வேண்டும் என்று ஆயிரம் யோசனை. வந்து இறங்கியதும் அது டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அம்புரோஸ் தன் மீன்பிடி வள்ளத்துப் பலகை ஒன்றில் அதை போல்ட் போட்டு இறுக்கி, பின்னால் உருண்ட நாற்காலியையும் வலைக்கயிற்றால் பலகையோடு சேர்த்துக் கட்டினார். எதுவும் அசையவில்லை. அசையாமலேதான் மகள் புல்லுக்குள் போனாள்.

“ஏளா, என்ன ஆச்சு?”

“எடப்பக்கமிருந்து காத்துப்பா. மூக்கும் எடப்பக்கமே ஓடுது. வலது பெடல மிதிக்கணும். எனக்குத் தெரியுது. காலு எடதத்தான் மிதிக்குது.”

“எந்திரி, நான் பாக்கேன்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பெடலில் கால் வைக்க, ஜாய்ஸ்டிக்கை அவள் பிடித்துக்கொண்டாள். சக்கரம் தரையைத் தொட்டது, மூக்கு இடப்பக்கம் ஓடியது. அம்புரோஸ் யோசிக்கும் முன்பே அவருடைய இடது கால் அழுத்திவிட்டது. வள்ளம் வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ள வேண்டும். முப்பது வருஷமாக அவர் உடம்பு அறிந்தது அதுதான். பத்து வயதில் அவள் கையில் சுக்கானைக் கொடுத்ததும் அவர்தான். லீவுக்கு வந்தால் இப்போதும் அவள்தான் பின்னால் நின்று சுக்கான் பிடிப்பாள், அவர் முன்னால் நின்று வலை இழுப்பார். அவருக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் கிடையாது.

விமானம் புல்லுக்குள் போனது. அனிஷா சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“நாளையிலேருந்து நீ வள்ளத்துக்கு வராண்டாம்.”

“ரெண்டு வாரந்தானப்பா?”

“பாஸான பொறவும் வராண்டாம். அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு வச்சுக்கிட்டு நீ ஆகாசத்துல போவக்கூடாது.”

“அப்ப சுக்கான் யாரு பிடிப்பா?”

“யாரையாவது பாத்துக்கிடுதேன்,” என்றார். யாரையும் பார்க்கப்போவதில்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை விடிகாலையில் சொல்லாமல்தான் கிளம்பினார். எப்படியோ அனிஷா எழுந்து பின்னாலேயே கரைக்கு வந்துவிட்டாள். ஏறவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று வள்ளத்தைத் தள்ளிவிட்டாள். இஞ்சின் பிடித்ததும் அம்புரோஸ் சுக்கானை இடப்பக்கம் தள்ளினார். வள்ளம் வலப்பக்கம் திரும்பியது. திரும்பிப் பார்த்தார். கரையேறிய அனிஷா கண்களை மூடிக்கொண்டு, இடது குதிகாலைத் தூக்கி, வலது காலை மட்டும் ஈரமணலில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.