என் மனைவி சொன்ன சாட்சி

என் மனைவிக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். கண் பார்வை போன பிறகும் அது போகவில்லை. தையல் மெஷினே கதியென்று இருந்தவளால் இப்போது ஊசிகூடக் கோர்க்க முடியாது. ஆனாலும் காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததுமே, "ஆண்டவரே, இன்னைக்கு சந்தோஷமா இருக்கப்போறேன், ஒத்தாசை பண்ணும்" என்பாள். மளிகைக் கடைக்கு போன் போட்டு சாமான் சொல்கிற மாதிரி இருக்கும். சில நாள் மத்தியானத்துக்குள் அதையே அழுதுகொண்டு மறுபடி சொல்வாள். மேலே இருக்கிறவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம். சபைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் இருந்தேன்.

ஆபரேஷனும் பலிக்கவில்லை என்று டாக்டர் கைவிரித்த அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லப்போவதாக ஆரம்பித்தாள். எங்கள் சபையில் சாட்சி என்றால், ஆண்டவர் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் நின்று சொல்வது. வேலை கிடைத்தவன் சொல்வான், நோய் தீர்ந்தவள் சொல்வாள். இவளிடம் சொல்ல என்ன இருக்கிறது? நாலு பேர் இவளைப் பாவம் என்று பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. வேண்டாமென்று நயமாகச் சொன்னேன், எரிந்தும் விழுந்தேன். கடைசியில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

போதகர் அழைத்ததும் என் கையை விலக்கிவிட்டு, பெஞ்சு பெஞ்சாகத் தடவிக்கொண்டு முன்னால் போனாள். போனவள் சபைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"கண்ணு வரல," என்று சுவரிடம் ஆரம்பித்தாள்.

அவளைத் திருப்பிவிடப் போதகர் எழுந்தார். நான் முந்திக்கொண்டேன். அவள் தோளைத் தொட்டுத் திருப்ப எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவள் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"இனிமே வரும்னும் யாரும் சொல்லல. எனக்கும் கோபம் வருது. ஆனா தினமும் காலையில, அவரை நம்பலாமான்னு யோசிச்சு, நம்பலாம்னு முடிவு பண்றேன். என் சந்தோஷம் அவ்வளவுதான். மறுநாள் திரும்ப முதல்லேர்ந்து." கொஞ்சம் நிறுத்தி, "எல்லாரும் கேட்டாங்களா?" என்றாள்.

"நான் கேட்டேன்," என்றேன்.

கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குச் சொல்லத்தானே வந்தேன். இன்னைக்கு ஒரு நாள் நம்புங்க. நாளைக்கு விஷயத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஒரு நாள்தானே என்று தலையாட்டினேன். பிறகுதான் அவளுக்குத் தெரியாதே என்று உறைத்தது. சபை முழுக்கக் கேட்கிற மாதிரி, "சரி" என்றேன்.