ஆறாவது ஸ்லைடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிஸ்கட் டின்களுக்கு மூடி அடிக்கும் ஒரு தொழிற்சாலையில், பயிற்சிப் பிரிவில் அன்புசெல்வன் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் கழித்துத்தான் வேலை நிரந்தரம். புதிதாக வரும் பெண்களுக்கு இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும்; இரண்டாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவர்கள் மெஷினில் உட்காருவார்கள். பாடம் தயாராகவே இருந்தது: பன்னிரண்டு ஸ்லைடுகள், ஒவ்வொன்றுக்கும் என்ன பேசுவது என்று டைப் அடித்த குறிப்பு. முதல் வகுப்பு என்பதால் குறிப்பை மூன்று முறை படித்தான். ஸ்லைடுகளைப் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆறாவது ஸ்லைடை வைத்ததும் சுவர் முழுக்க ஒரு வலது கை விரிந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே முந்திரிப் பருப்பு அளவில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு.

நர்மதாவின் கை. நான்கு மாதத்துக்கு முன்பு அவன் தாலி கட்டியவளின் கை.

படத்தின் கீழே 'கவனக்குறைவின் விலை' என்று எழுதியிருந்தது. அவன் வாய் குறிப்பைப் படித்துக்கொண்டே போனது. "வேலை நேரத்தில் கவனம் சிதறியதால் இந்தப் பெண் ஊழியர்..."

"ஊட்டுக்காரன் நெனப்புல இருந்திருப்பா," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள். பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த நௌஷீன் சிரிக்காமல், தன் விரல்களைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவன் ஏழாவது ஸ்லைடை வைத்தான்.

அன்று மாலை நர்மதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு இடது கையில் பழகிக்கொண்டது.

"இன்னா ஆபீசரே, க்ளாஸ் எப்டி? பொண்ணுங்க தூங்கிடுச்சிங்களா?"

அவனால் மறைக்க முடியவில்லை. படத்தைப் பற்றிச் சொன்னான். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. கீழே எழுதியிருந்ததைச் சொன்னபோதுதான் கத்தி நின்றது.

"ஆஸ்பத்திரியில எடுத்த போட்டோ அது. நஷ்டஈட்டு பேப்பருக்குன்னு சொன்னாங்க. பாடம் நடத்தறதுக்குன்னு யாரும் என்னைக் கேக்கல." கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க இன்னா சொன்னீங்க?"

"குறிப்புல இருந்தத..."

"படிச்சிட்டீங்க."

"படிச்சிட்டேன்."

பெண் பார்க்க வந்த அன்றே, இதே தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தபோது நடந்ததையெல்லாம் அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். கூண்டு மாட்டினால் ஒரு நாளில் அடிக்கும் மூடிகளின் எண்ணிக்கை குறைகிறது என்று சூப்பர்வைசர் மெஷினின் பாதுகாப்புக் கூண்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. இரண்டு முறை மாட்டச் சொல்லி அவள் கேட்டது. மூன்றாம் நாள் விரல் போனது.

"தெரிஞ்சிகினே படிச்சீங்க பாருங்க," என்றாள். "சிரிச்சாங்களா?"

அவன் தலை குனிந்தான். "நாளைக்கு அந்த ஸ்லைட எடுத்துடறேன், நர்மதா."

"எடுத்துட்டா? நான் கேர்லெஸ்ஸுன்னு நெனச்சிகினே அதுங்க போய் மெஷின்ல உக்காரும். நான் வரேன். நானே சொல்றேன்."

"எனக்கு வேலை இன்னும் பர்மனென்ட் ஆவல..."

"தெரியும்," என்றாள் அவள். கத்தியை எடுத்து மீதி பீன்ஸை நறுக்கத் தொடங்கினாள். சாப்பாட்டின்போது அவன் பக்கம் திரும்பவே இல்லை.

காலையில் தொழிற்சாலை வாசலில் அவன் அவளுக்குக் கேட் பாஸ் எழுதினான். வருகையின் காரணம் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. 'பாடம் எடுக்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். நர்மதா அதைப் படித்துவிட்டு நேற்று மாலைக்குப் பிறகு முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

வகுப்பில் அவன் ப்ரொஜெக்டரைப் போடவில்லை. "நேத்து காட்டினது இவங்க கை. இவங்க என் மனைவி. கவனக்குறைவுன்னு நான் படிச்சது பொய். பொய்யின்னு தெரிஞ்சே படிச்சேன்."

நேற்று பின்வரிசையிலிருந்து கிண்டல் செய்தவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்ல வுடும்மா, நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்," என்றாள் நர்மதா. "பிரஸ் மெஷினுக்கு ஒரு கூண்டு உண்டு. உங்கள்ல யாராவது பார்த்திருக்கீங்களா?"

இருபத்திரண்டு பேரில் ஒருத்தியும் கை தூக்கவில்லை. பன்னிரண்டு ஸ்லைடில் ஒன்றிலும் கூண்டு இல்லை என்பது அப்போதுதான் அன்புசெல்வனுக்கு உறைத்தது.

"நோட்ட மூடிட்டு வாங்க. எழுதத் தெரியாதவங்க முன்னால வாங்க, கையில தொட்டுப் பார்த்தா போதும்."

மெஷின் கூடத்தில் பதினொரு பிரஸ்கள். அவள் ஒரு கூண்டைப் பிடித்து இறக்கினாள். அது முழுதாக மூடியிருந்தால் விரல் உள்ளே போக வழியே இல்லை என்று காட்டினாள். ஒவ்வொருத்தியையும் செய்து பார்க்கச் சொன்னாள். நௌஷீன் தன் முறை முடிந்ததும் வரிசையாக நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"அக்கா, நாலு மெஷின்ல கூண்டே இல்ல. ஒண்ணு எனக்குக் குடுத்தது. நான் அதுல உக்கார மாட்டேன்."

"நானும் மாட்டேன்," என்றாள் நேற்று கிண்டல் செய்தவள்.

மேனேஜர் ஜெயராஜ் வந்தபோது வேலை தொடங்கும் மணி அடித்துவிட்டது. இருபத்திரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னாப்பா அன்பு இது? இந்தம்மாவ யாரு உள்ள வுட்டது?"

"நான்தான் சார். கையெழுத்து போட்டிருக்கேன்."

"இன்னும் நீ பர்மனென்ட் இல்ல. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது சார். கூண்டு மாட்டாம இவங்கள உக்காருன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஜெயராஜ் நின்றிருந்த பெண்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஃபிட்டர் முனுசாமியைக் கூப்பிட்டு, "மாட்டித் தொலைப்பா," என்றார். அன்புசெல்வனிடம், "நீ எழுத்துல விளக்கம் குடுக்கணும். அந்த ஸ்லைடயும் தூக்கிப் போடு," என்றார்.

"அது இவங்க சொல்லணும் சார்."

நர்மதா யோசித்தாள். "கை இருக்கட்டும். பக்கத்துல கூண்டு இல்லாத மெஷினயும் படம் எடுத்து வைங்க. கீழ எழுதியிருக்கறத அழிச்சிடுங்க."

ஜெயராஜ் தன் அறைக்குப் போய்விட்டார். முனுசாமி நான்கு கூண்டுகளையும் மாட்டி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. அதுவரை யாரும் உட்காரவில்லை.

"அழிச்சிட்டு இன்னா எழுதறது?" என்று அன்புசெல்வன் மெதுவாகக் கேட்டான்.

"என் பேர எழுதுங்க," என்றாள் நர்மதா. "ரெண்டு தபா கேட்டேன்னும் எழுதுங்க."