இடது கழுத்துப் படம்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. போன மாதம் தேனி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், ஒச்சாண்டி என்பவர் ஒரு பழுப்புக் கவரை என் மடியில் வைத்தார்.

"நீங்க கதை எழுதுற ஆளாமே. இதை எழுதுங்க. ஆறு, கிளைன்னு அழகுபடுத்திறாதீக."

கவருக்குள் அவருடைய தலை இருந்தது. கழுத்தில் ஊசி குத்தி, மருந்து ஏற்றி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தெரியும்படி எடுத்த எக்ஸ்ரே படங்கள். ஆஞ்சியோகிராம் என்பார்கள்.

என் முதல் தொடக்கம்: 'முல்லையாறு வாய்க்கால்களாகப் பிரிவதைப் போல, அவர் நெற்றிக்குள்—'

அடித்துவிட்டேன்.

2

ஒச்சாண்டி போடி–கம்பம் தடத்தில் பதினாறு வருஷம் பஸ் ஓட்டியவர். எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் வீரபாண்டி கோயில் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுத்தார். மூன்று நாள் விரதம், மண்டையைப் பிளக்கும் வெயில், கையில் நெருப்பு. சட்டியை இறக்கி வைத்தவர் அப்படியே மயங்கி விழுந்தார். மோர் கொடுத்ததும் எழுந்து நடந்தார்.

மயங்கிய டிரைவரை பஸ் முதலாளி வண்டியில் ஏற்றவில்லை. டாக்டர் சர்டிபிகேட் கேட்டார். நகரத்தில் ஒரு பெரிய டாக்டர் இரண்டு பக்கக் கழுத்திலும் ஊசி குத்திப் படம் எடுக்கச் சொன்னார். வந்த படங்களில் ஒன்றை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"வலது பக்கம் முன்னால போற குழாய் தெரியல. அடைப்பு. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது."

(எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதினால் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். எழுதாவிட்டால் கோபம் வருகிறது. கோபத்தையே வைத்துக்கொள்கிறேன்.)

மூன்று வருஷம். அவர் தும்மினால்கூட மனைவி பாண்டியம்மாள் அடுப்பை விட்டு ஓடி வருவாள். சொந்த மகள் கல்யாணத்தில் பந்தக்கால் ஊன விடவில்லை. அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பாண்டியம்மாள் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள்.

3

இங்கே ஒரு வில்லன் வேண்டும். பெரிய டாக்டருக்கு ஒரு தங்க பிரேம் கண்ணாடியும் அதட்டல் குரலும் கொடுத்துப் பார்த்தேன். ஒச்சாண்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"நல்ல மனுசன் மாதிரித்தான் பேசுனாக. முதுகுல தட்டிக் குடுத்தாக. அதுதான் வயித்தெரிச்சல்."

கண்ணாடியை எடுத்துவிட்டேன்.

4

போன தை மாதம் பாண்டியம்மாள் திராட்சைப் பந்தலடியில் ஏணியிலிருந்து விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பழனிசெட்டிபட்டியில் புதிதாக எக்ஸ்ரே வைத்திருந்த டாக்டர் ஜெபமணியிடம் போனார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் ஒச்சாண்டி தன் கவரையும் கொண்டுபோவார். "இதையும் ஒரு பார்வை பாத்துருங்கம்மா."

ஜெபமணி எல்லாப் படங்களையும் விளக்குப் பெட்டியில் வரிசையாகச் செருகினார். பிறகு விரலை வைத்துக் காட்டினார்.

"இது வலது கழுத்துல மருந்து ஏத்துனது. முன்பக்கக் குழாய் தெரியல, சரி. இது இடது கழுத்து. இங்கன பாருங்க, முன்னால ரெண்டு குழாய் போகுது. ரெண்டு பக்கத்துக்கும் ரத்தம் இடதுலருந்தே போயிருது. வலதுல அந்தக் குழாயோட தொடக்கம் பொறப்புலயே மெலிசு. எத்தனையோ பேருக்கு அப்படி இருக்கும். அடைப்பு இல்ல. நார்மல்."

"இந்த இடது படம் எப்ப எடுத்தது?" என்று கேட்டார் ஒச்சாண்டி.

"அதே நாள்தான். தேதி போட்டிருக்கு."

"அப்ப அவுக இதைப் பாக்கலையா?"

"பாத்திருந்தா..." என்று தொடங்கிய ஜெபமணி நிறுத்திவிட்டார்.

(அந்த வாக்கியத்தை நான் ஏழு விதமாக முடித்துப் பார்த்தேன். கெட்ட வார்த்தை இல்லாமல் ஒன்றும் முடியவில்லை.)

ஒச்சாண்டி சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "மூணு வருசமா செத்துக்கிட்டு இருந்தேன். அது பொய்யின்னா, சிரிக்கவா சொல்றீக?" என்றார்.

5

ஜெபமணி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு புருஷனும் பெண்டாட்டியும் நகரத்துக்குப் போனார்கள். பெரிய டாக்டர் இரண்டு படத்தையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"ஆமா, நார்மல்தான். சந்தோசமாப் போயிட்டு வா."

ஒச்சாண்டி எழுந்திருக்கவில்லை. "தப்பாப் பாத்துட்டேன்னு எழுதிக் குடுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுப்பா. நார்மல், வண்டி ஓட்டலாம்னு எழுதித் தாரேன்."

எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை மேஜையில் தள்ளினார். ஒச்சாண்டி அதைத் தொடாமல் வெளியே வந்துவிட்டார்.

கதையை இங்கே முடித்திருந்தேன். நிமிர்ந்த நடை, பின்னால் கதவு அடைபடும் சத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

6

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். பாண்டியம்மாள் கடைசி வரை கேட்டாள்.

"இவுக வெளிய போன பெறகு அந்தத் தாளை நான் எடுத்துட்டு வந்தேன். அதை எழுதலையே?"

ஒச்சாண்டி மெல்லத் திரும்பினார். அவருக்கும் இது இப்போதுதான் தெரியும்.

அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "முதலாளிகிட்ட நானே போயிக் கேட்டேன். மாசக் கடைசி வரைக்கும் பாப்பாகளாம். பெறகு வேற ஆளு."

"தப்புன்னு இதுல ஒரு வார்த்தை இல்லையே."

"இல்லதான். மூணு வருசமா கொடி வெட்டுனது நானு. எனக்கும் இருக்கு கோவம்."

அவர் கைகள் முழங்கால் மேலேயே இருந்தன.

தாளை எடுத்தார் என்று எழுதினால் அந்த டாக்டர் தப்பித்துவிடுவார். கிழித்தார் என்று எழுதினால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பாண்டியம்மாள் நாளையும் விடியக் கருக்கலில் தோட்டத்துக்குக் கிளம்புவாள். இரண்டையும் எழுத எனக்கு உரிமை இல்லை. அவர் கையை நீங்கள் நீட்டுங்கள், அல்லது நீட்டாமல் விடுங்கள். எதைச் செய்தாலும் பாண்டியம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.