மரப்பல்லி

மலாயாவில், வெள்ளைக்காரத் துரை போட்டது போட்டபடி ஓடிப்போன பெக்கோக் ரப்பர்த் தோட்டத்துப் பங்களாவில் நாங்கள் மூன்று பேர் பல்லி வளர்த்தோம். வளர்த்தோம் என்றால் சும்மா இல்லை, ஜப்பான் ராணுவத்துக்காக வளர்த்தோம். உலகத்தில் வேறெந்தப் பல்லிக்கும் அப்படியொரு ராஜாங்க உத்தியோகம் கிடைத்ததில்லை என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

மூவரில் பெரியவர் சோமசேகரம். யாழ்ப்பாணத்துக்காரர், சிங்கப்பூரில் விலங்கியல் விரிவுரையாளராக இருந்தவர். பல்லி சுவரில் எப்படி நிற்கிறது, அதன் விரலுக்கு என்னென்ன தெரிகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அடுத்தவன் அய்யாவு. தோட்டத்தில் பால்மரம் கீறி ரப்பர்ப் பால் எடுத்தவன், இப்போது பல்லி பிடித்தான். மூன்றாமவன் நான், காசி. சிகாமட்டில் மாமாவின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன், அதைப் பூட்டிய பிறகு மொழிபெயர்ப்பாளன் ஆனேன். எங்களை வேலைக்கு வைத்த கேப்டன் ஹிரானோ மலாய் பேசுவார். சோமசேகரத்தின் மலாய் கடைவீதிக்குத்தான் போதும். இங்கிலீஷ் பேசினால் கன்னத்தில் அறை. ஆகவே அவர் தமிழில் சொல்ல, நான் மலாயில் சொல்வேன். என் மலாயைக் கேட்டு மலாய்க்காரர்களே நின்று பாடம் படித்துப் போனார்கள். அய்யாவு இதை வேறு விதமாகச் சொல்வான், அவனை நம்ப வேண்டாம்.

ஹிரானோ ஒருமுறை மலேரியாவில் படுத்துக் கிடந்தபோது கூரையில் ஒரு பல்லி தலைகீழாக நடப்பதைப் பார்த்திருக்கிறார். இந்த மாதிரி உள்ளங்கை ஒவ்வொரு சிப்பாய்க்கும் இருந்தால் எந்தக் கோட்டை நிற்கும் என்று தோன்றியிருக்கிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது, யோசனை இறங்கவில்லை. சோமசேகரத்தைத் தேடிக் கொண்டுவந்தார்.

அது நாற்பத்து மூன்றாம் வருஷம். தோட்டத்தில் ஆண்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட என்று லாரியில் ஏற்றி, பெக்கோக் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிக்கு மாற்றி அனுப்பினார்கள். முதல் லாரி போனபோது கூலி லயத்துப் பெண்கள் ரோட்டில் புரண்டு அழுதார்கள். பிறகு வந்த லாரிகளுக்கு அழவில்லை. மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே பார்த்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பல்லி ஆராய்ச்சி நடக்கிறவரை எங்கள் மூவருக்கும் லாரி கிடையாது. அது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

பல்லி என்றால் சுவரில் ஓடும் சின்னது இல்லை. காட்டில் ‘டொக்கே டொக்கே’ என்று கத்துமே, அந்த ஜாதி. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அய்யாவு பிடித்து வந்த ஒன்று முதலைக்குத் தம்பி என்றே சொல்லலாம். ஜன்னல் கண்ணாடி ஒன்றைக் கழற்றி இரண்டு நாற்காலிக்கு நடுவே நிறுத்தியிருந்தோம். முன்பக்கம் பல்லி ஒட்டியிருக்கும். பின்பக்கம் சோமசேகரம் உட்கார்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அதன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பல்லி காலை எடுக்கும்போது முதலில் விரல் நுனி மேல்நோக்கிச் சுருளும், அதன் பிறகுதான் பாதம் பிரியும், ஒட்டுத்தாளை ஓரத்திலிருந்து உரிப்பது போல. இதைக் கண்டுபிடித்த அன்று மனிதர் மரவள்ளிக் கிழங்கைக் கூட இரண்டாம் முறை கேட்டார்.

விரலில் எந்த இடத்தில் தொட்டால் அது சுருளுகிறது என்று பார்க்க ஒரு மெல்லிய முடி தேவைப்பட்டது.

"அய்யாவு, உன்ரை மீசையிலை ஒண்டு தா."

"எடுத்துக்கங்க ஐயா. சயாமுக்குப் போறதுக்கு மீசை போறது மேலு."

ஒரு நாள் பல்லியைத் தொட்ட அதே முடியால் சோமசேகரம் தம்முடைய உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணுக்கால். பிறகு முழங்காலுக்குக் கீழே.

"கூசுதா சார்?" என்று கேட்டேன்.

"இல்லை, காணும்." என்னை அவர் எப்போதும் காணும் என்றுதான் கூப்பிடுவார். முடியைத் திரும்பத் தாளில் வைத்து மடித்தார். "பெரிபெரி. அரிசி இல்லாமல் கிழங்கு திண்டால் வாறது." ஏதோ அடுத்த தெருவில் யாருக்கோ வந்தது போலச் சொன்னார். எங்களுக்கும் அது அப்படித்தான் கேட்டது. என் கால்களும் அந்த மாதம் எனக்குச் சொந்தமாக இல்லை.

பொய் மட்டும் அவரிடம் எடுபடாது. நான் ஒருமுறை ஹிரானோவிடம், எங்கள் பல்லி ஒரு ஆட்டைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறும் என்று சொல்லிவிட்டேன். சின்ன ஆடுதான். சோமசேகரத்துக்கு அந்த அளவு மலாய் புரிந்துவிட்டது.

"ஆடு எண்டு சொன்னனோ நான்?"

"ஒரு பேச்சுக்கு, சார்."

"திருத்தும்."

ஜப்பான் கேப்டன் முன்னால் நின்று, ஆடு இல்லை, ஒரு மாங்காய் என்று திருத்தினேன். கன்னம் வீங்கியது. சோமசேகரம் அதைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாங்காய் தூக்கும். அதையும் சொல்லும்" என்றார்.

மழைக்காலம் தொடங்கியதும் ஹிரானோவுக்குப் பொறுமை போய்விட்டது. மேலிடத்தில் கேட்கிறார்கள், புதன்கிழமை வருகிறேன், கண்ணால் காட்டுங்கள், இல்லாவிட்டால் சனிக்கிழமை கூட்ஸில் மூன்று பேரும் ஏறுங்கள் என்று சொல்லிப் போனார். அய்யாவு அதைக் கேட்டுவிட்டுப் போய்ப் பல்லிகளுக்குக் கரப்பான் போட்டான்.

புதன்கிழமைக்குச் சோமசேகரம் ஒரு சோதனை வைத்திருந்தார். ராணுவ லாரியில் மீன் கொண்டுவரும் ஐஸில் ஒரு சாக்கு கேட்டு வாங்கினோம். கண்ணாடியில் பல்லியை ஒட்டவிட்டு, அதன்மேல் ஐஸ் சாக்கைச் சாத்திவைத்தால், கொஞ்ச நேரத்தில் அதற்கு உணர்ச்சி போய்விடும். முடியால் எங்கே தொட்டாலும் அசையாது. ஆனால் கீழே விழாது. இடுப்பில் நூல் கட்டி இரண்டு மாங்காயைத் தொங்கவிட்டாலும் விழாது.

"பிடிக்கிறதுக்கு அதுக்கு ஒண்டும் தெரியத் தேவையில்லை, காணும்," என்றார். "விடுறதுக்குத்தான் தெரியவேணும். இதை அவருக்கு வடிவாச் சொல்லும்."

ஹிரானோ வந்தார். சாக்கை எடுத்தோம். பல்லி கண்ணாடியில் ஒட்டியபடி, கண் திறந்தபடி, கல்லாக இருந்தது. நூலில் மாங்காய்கள் ஆடின. ஹிரானோ குனிந்து பார்த்து, இது ஏன் அசையவில்லை என்று மலாயில் கேட்டார்.

"விறைச்சுப்போச்சு எண்டு சொல்லும்," என்றார் சோமசேகரம்.

யாழ்ப்பாணத்தில் விறைத்துப்போவதை நம் பக்கத்தில் மரத்துப்போவது என்பார்கள். அதற்கு மலாயில் கெபாஸ் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் எனக்குத் தெரியும், பால் குடிக்கிற வயதிலேயே தெரியும். ஆனால் கேப்டனின் வாள் உறை முழங்காலில் இடிக்கிற தூரத்தில் நிற்கும்போது நாக்குக்கு யாழ்ப்பாணமும் செட்டிநாடும் மலாயும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. மரத்துப்போச்சு என்பதில் மரம் மட்டும் கைக்கு அகப்பட்டது.

"சூடா ஜாடி காயு, துவான்," என்றேன். மரமாகிவிட்டது, ஐயா.

"காயு?"

ஹிரானோ பென்சிலால் பல்லியின் முதுகைத் தட்டினார். அசையவில்லை. மறுபடி தட்டினார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. மனிதர் புரிந்துகொண்டது இதுதான்: இது மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய பல்லி. மரப்பல்லியே கண்ணாடியில் இரண்டு மாங்காயைத் தாங்கி நிற்கிறதென்றால் இந்தக் கெட்டிக்காரர்கள் பல்லியின் பசையைக் காய்ச்சிவிட்டார்கள்.

"கம்?" என்று கேட்டார். கம் என்றால் அங்கே பசை. என்னிடம் கேட்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்ற சோமசேகரத்திடம் நேராகக் கேட்டார்.

"என்ன சொன்னீர் காணும் நீர்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

"மரப்பல்லின்னு நெனைக்கிறாரு சார். நாம பசை செஞ்சிட்டோம்னு. விட்டுருங்க."

"பிழை. பசை எண்டு ஒண்டும் அதிலை இல்லை. திருத்தும்."

"சார், சனிக்கிழமை வண்டி இருக்கு."

"ஐயா, என் தம்பி ஐயாசாமி அந்த வண்டியிலதான் போறான்," என்றான் அய்யாவு. சத்தமே இல்லாமல் சொன்னான். "நானும் போனா வீட்ல ஆம்பள இல்ல."

சோமசேகரம், திருத்தும் என்று இன்னொரு முறை சொல்லத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். அப்போது அவர் பார்வை கண்ணாடிக்கு இறங்கியது. பின்பக்கம் நின்றவர் அவர் ஒருவர்தான். பல்லியின் விரலடி அவருக்கு மட்டும்தான் தெரியும். ஹிரானோவுக்குத் தெரிந்தது முதுகும் மாங்காயும்.

அவர் முகத்தில் நான் கண்டது பயம் இல்லை. ஒட்டுத்தாள் உரியும் கதையை முதன்முதல் சொன்ன அன்று இருந்த அதே முகம். எனக்குப் புரிந்துவிட்டது: பல்லியின் விரல் நுனி ஒன்று சுருளத் தொடங்கியிருக்கிறது. சூடு ஏறுகிறது. அடுத்த விரல், பிறகு பாதம், பிறகு மரப்பல்லி கேப்டனின் மூக்குக்கு நேரே நடந்து போகும். அதற்குப் பிறகு கூட்ஸ் வண்டி வரைக்கும்கூட நாங்கள் போகமாட்டோம்.

சோமசேகரம் கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். உணர்ச்சியில்லாத காலை வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார். ஐஸ் சாக்கை இரண்டு கையாலும் தூக்கிப் பல்லியின்மேல் சாத்தி, அப்படியே பிடித்துக்கொண்டார்.

"பானாஸ், கம் ரோசாக்," என்றார். சூடு பட்டால் பசை கெட்டுப்போகும். ஹிரானோவிடம் மொழிபெயர்ப்பாளன் இல்லாமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது. ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்ன முதல் பொய்யும் அதுதான்.

கூரையில் சின்னப் பல்லி ஒன்று ‘ச்ச்ச்’ என்றது. அய்யாவு பழக்கதோஷத்தில் விரலை மடக்கித் தரையில் தட்டினான்.

"அவன் ஏன் தட்டுகிறான்?" என்று கேட்டார் ஹிரானோ.

"ஒருத்தர் பேசும்போது பல்லி சொன்னால் அந்தப் பேச்சு சத்தியம் என்பது எங்கள் வழக்கம், துவான்," என்றேன். இதை மட்டும் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

அவர் சிரித்தார். ஒரு டிரம் நிறையப் பசை காய்ச்சுங்கள் என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப் போனார். சாக்கை எடுத்துவிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். பல்லியின் விரல்கள் ஒவ்வொன்றாக நுனியிலிருந்து சுருண்டன. மாங்காய்களையும் இழுத்துக்கொண்டு அது கண்ணாடியின் உச்சிக்கு ஏறியது. அய்யாவு நூலை அறுத்துவிட்டான். அது கூரைக்குள் போய் மறைந்தது. சோமசேகரம் நிமிர்ந்து பார்க்கவில்லை. கைகள் ஐஸில் வெளுத்திருந்தன.

"கோபமா சார்?"

கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். நேர்மையாகத்தான் யோசித்தார், முடியால் காலைத் தொட்டுப் பார்த்தாரே அப்படி.

"ஒண்டும் தெரியேல்லை, காணும்," என்றார்.

பசைக்கு நாங்கள் ரப்பர்ப் பாலில் மரவள்ளி மாவைக் கொட்டிக் காய்ச்சினோம். அந்தப் பசை கண்ணாடியில் ஒட்டவில்லை, சுவரில் ஒட்டவில்லை. டிரம் நிறைவதற்கு முன்பே ஹிரானோவுக்குப் பர்மாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. பர்மாவையே அவர் ஒட்டவைக்கப் போனார் என்று நான் இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் டிரம்மைச் சுற்றி நின்று ஒரே துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தபோது ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி ஊதியது. ரப்பர் மரங்களுக்கு அப்பால் அது நகரும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"ஐயாசாமி போறான்," என்றான் அய்யாவு.

"ஓம்," என்றார் சோமசேகரம்.

யாரும் கிண்டுவதை நிறுத்தவில்லை. சத்தம் ஓய்ந்த பிறகு நான் துடுப்பிலிருந்து கையை எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பசை ஒட்டிய ஒரே இடம் எங்கள் கைதான். ஆறு கைகளும் துடுப்போடு காய்ந்துபோயிருந்தன. விரல்களை நுனியிலிருந்து ஒவ்வொன்றாக உரிக்க வேண்டியிருந்தது. தோல் வந்தது, வலி வரவில்லை.