தவுவு சொன்ன சாட்சி

வகுப்புக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. இணையத்தில் மரியாதையாக நடந்துகொள்வது எப்படி என்று எட்டாம் வகுப்புக்குச் சொல்லித்தர வேண்டிய தித்திலியா, தலைமையாசிரியை ஹெதரின் அறையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மேசையில் அவள் எழுதியதே அச்சாகிக் கிடந்தது. இணையத்தில் ஊர் ரக்பி குழுவின் படத்துக்குக் கீழே, அதில் நின்ற செவனாயாவுக்கு அவள் போட்ட வரி: "இந்த மூஞ்சியோட மைதானத்துக்குப் போகாத, பந்துன்னு நெனச்சு உதைச்சிருவாங்க."

யாரோ ஒரு மாணவியின் தாய் அதைப் பார்த்துப் புகார் கொடுத்துவிட்டாள்.

செவனாயா அவளுக்குத் தவுவு. ஃபிஜியில் இருவர் ஊரும் ஒரே மூதாதைத் தெய்வத்தின் வழி வந்தவை. அப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டலாம், கோபப்படத்தான் கூடாது. மரியாதையாகப் பேசினால்தான் என்ன சண்டை என்று கேட்பார்கள். இந்தப் பழத்தோட்ட ஊருக்குப் பிழைக்க வந்த ஃபிஜிக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். ஆஸ்திரேலியாவை விட்டு நகராத ஹெதருக்கு எப்படித் தெரியும்? அரைமணி நேரம் விளக்கியும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஹெதரைக் கெட்டவள் என்றும் சொல்லிவிட முடியாது, அதுதான் தொல்லை. ஃபிஜிக் குடும்பங்களைப் பள்ளியோடு சேர்த்துவைக்க வேண்டுமென்று தித்திலியாவை வேலைக்கு எடுத்ததே அவள்தான்.

"அவரே வருத்தமில்லன்னு சொல்லட்டும், இதக் கிழிச்சுப் போட்டுர்றேன்," என்றாள். "வருத்தம்னு சொல்லிட்டா உன் வேலைய என்னால காப்பாத்த முடியாது."

அவன் பதில் சொல்லும்வரை தித்திலியா வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கியைப் போட்டு எண்ணை அழுத்தினாள்.

அவன் வேலை பார்க்கும் இறைச்சி ஆலையில் தேநீர் நேரம். செவனாயா எடுத்தான். ஹெதர் விஷயத்தைச் சொன்னாள். தித்திலியாவின் பெயரைக் கேட்டதும் அந்தப் பாவி தொண்டையைச் செருமிக்கொண்டான். என்ன வரப்போகிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"மனசு ஒடஞ்சு போச்சு டீச்சரம்மா. மூணு நாளா கெழங்கு தொண்டையில எறங்கல. மொதல்ல அவள வேலைய விட்டுத் தூக்குங்க."

குரலில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. ஹெதர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.

"செவனாயா, விளையாடாத. நெசமாவே விசாரிக்கிறாங்க," என்றாள் தித்திலியா. சொன்ன பிறகுதான் உறைத்தது. தவுவு கெஞ்சக் கெஞ்ச அவனுக்குக் கொண்டாட்டம்தானே.

"பாத்தீங்களா டீச்சரம்மா? உங்க முன்னாடியே மெரட்டுறா."

ஹெதர் அவனிடம் மனதார மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பிறகு அந்தச் சாட்சிக்குக் கீழே வேலை நீக்கம் என்று எழுதி, தாளைத் தித்திலியா பக்கம் நகர்த்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இன்றைய வகுப்பைத் தானே எடுப்பதாகச் சொல்லிக் கிளம்பினாள். ஹெதரின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

நடையில் நின்ற தித்திலியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கையில் கிடைத்ததை எடுத்து அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. கைப்பேசி அதிர்ந்தது. செவனாயாதான்: "எப்படி என் நடிப்பு? ஏன் திருப்பித் திட்டல, உடம்பு சரியில்லையா?"

பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவனுக்கு ஓர் உண்மையை எழுதினாள்: "என் வேலை போச்சு."

பதில் உடனே வந்தது.

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க ஆள் இல்ல, நாளைக்கே வந்துரு."