கவிழ்த்துப் போட்ட கல்

மாதா கோயிலில் அமுதாவுக்கு மூன்றாம் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. மீன்சுருட்டி ஊர் மாப்பிள்ளைக்கும் இவளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. தாய் அற்புதம்மாளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. இன்னும் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் மகள் கரையேறிவிடுவாள்.

யார் கண் பட்டதோ, மத்தியானமே சாமியார் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"அற்புதம், நீ ஏலாக்குறிச்சிக்காரிதானே? இவரு ஜெர்மன்காரரு. சண்டை முடிஞ்சு இப்பத்தான் முகாம்லேருந்து விட்டுருக்காங்க. இவரு தாத்தாவோட தம்பி, யோகான்னு பேரு, மரவேலைக்கு உங்கூருப் பக்கம் வந்து, அங்கயே கல்யாணம் பண்ணி செத்துப்போனாராம். கல்லறைத் தோட்டத்துல தேடிட்டோம், பேரு வெட்டின கல்லே இல்ல. ஜெர்மனியில குண்டு போட்டு இவரு குடும்பமே அழிஞ்சுபோச்சு. ரத்த சொந்தம்னு ஒருத்தராவது இருக்காங்களான்னு அலையிறாரு."

யோகான் அற்புதம்மாளின் அப்பாவைப் பெற்றவர். சண்டை தொடங்கிய வருஷம் ஜெர்மன்காரர்களைப் போலீஸ் பிடிக்கிறது என்று கேள்விப்பட்டதும், அவருடைய கல்லறைக் கல்லைப் பிடுங்கி வைக்கோலுக்கடியில் வண்டியேற்றி வந்து, எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்துக் கிணற்றடியில் துவைக்கிற கல்லாகப் போட்டவள் அவளேதான். விஷயம் தெரிந்த பெரியவர்களெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பனோ, 'கலப்பில்லாத குடும்பம்தானே?' என்று திரும்பத் திரும்பக் கேட்ட மனுஷன்.

"எனக்குத் தெரியாதுங்க சாமி."

சாமியார் அதைச் சொன்னதும் வெள்ளைக்காரர் தலையசைத்தார். அவருடைய புருவம் நடுவில் பிரிந்திருந்தது, செத்துப்போன அவள் அப்பாவுக்கு இருந்த மாதிரியே. கால் கழுவக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். போயும் போயும் அந்தக் கல்மேல்தான் ஏறி நின்றார். அமுதா மொண்டு ஊற்ற, புழுதி போக நிதானமாகத் தேய்த்துக் கழுவினார். அவர் காலுக்கடியில், மண்ணைப் பார்த்தபடி, யோகானின் பேரும் பிறந்த ஊரும் கிடந்தன. சொல்லித் தொலையேன் பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அற்புதம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"உம் மவ நல்லா இருக்கணும்னு சொல்றாரு," என்றார் சாமியார். வெள்ளைக்காரர் அமுதாவின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை அமுதா அழுக்குத் துணியைக் கொண்டுவந்து கல்லில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"அதுல அடிக்காதடி!" என்று உள்ளேயிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள் அற்புதம்மாள்.

"ஏம்மா? தெனமும் இதுலதானே தொவைக்கிறோம்?"

அற்புதம்மாள் ஈரக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதாள்.