ஹெட்லி தேர்ந்தெடுத்த மோட்டார்

தார்ன்பெக் மாடல் ரயில் கிளப்பில் செர்வோ மோட்டாருக்கு எதிராகக் கை தூக்கியவர் ஹெட்லி பர்ட்விஸில் ஒருவர்தான்.

மற்றவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பழைய நூற்பாலையின் மேல்மாடியில் அவர்கள் கூடிக் கட்டியிருந்த ரயில்வேயில், ரயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும் பாயின்ட்டுகள் எல்லாமே, மின்காந்தத்தால் ஒரே அடியில் தள்ளும் காயில் மோட்டாரில் ஓடின. பட்டனை அழுத்தினால் பலகைக்கு அடியில் 'டமார்' என்று ஓர் அறை விழும். அந்த அதிர்ச்சியில் நடைமேடையில் நிற்கும் விரல்நகம் உயரப் பொம்மைப் பயணிகள் குப்புற விழுவார்கள். பாயின்ட்டின் மெல்லிய நாக்குகள் அடி தாங்காமல் பெயர்ந்து வரும். பசை வைத்து ஒட்டி ஒட்டி எல்லாருக்கும் அலுத்துவிட்டது. செர்வோ என்றால் அடிக்காமல் மெல்லத் தள்ளும்.

"வசந்தத்துல டவுன் ஹால் கண்காட்சி வருது. போன தடவை ஒரு அம்மா வந்து, இந்த ஸ்டேஷன்ல என்ன அடிக்கடி நிலநடுக்கமான்னு கேட்டாங்க. என்னால பதில் சொல்ல முடியல" என்றார் ரோலண்ட் டாட்டர்சால். அவர் கடைத்தெருவில் முடிவெட்டுபவர், கிளப்பின் தலைவர்.

"செர்வோ, பொம்மை ஏரோப்ளேனுக்கு வெக்கிறது" என்றார் ஹெட்லி. "கரண்ட் போட்டதும் குளிர் சுரம் வந்தவன் மாதிரி ஒரு உதறு உதறும். எவ்வளவு தூரம் திரும்பணும்னு ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து சொல்லிக்கொடுக்கணும். காயில்னா ஒரே அடி, வேலை முடிஞ்சுது."

"வேலையோட சேர்த்து பாயின்ட்டும் முடிஞ்சுது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஹெட்லி சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவருடைய காரணம் அதில் எதுவுமே இல்லை. கொஞ்ச காலமாகவே அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. குளித்து முடித்த அறையின் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல எல்லாவற்றின் மேலும் ஒரு புகை. கிளப்பில் பாயின்ட் சுவிட்சுகள் உள்ள பலகைக்கு முன்னால் உட்கார்ந்து வழிவிடுவது அவர் வேலை. ரயில்வேயின் மறுகோடி அவருக்குத் தெரியவே தெரியாது. ஆயுள் முழுக்க பஸ் டிப்போவில் இன்ஜின்களைக் காதால் பார்த்துப் பழகியவர் என்பதால், எந்த பாயின்ட் அறைகிறது, முழுசாக அறைந்ததா, பாதியில் நின்றதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். செர்வோ பூனை மாதிரி நகரும். அது வந்தால் அவருக்கு அங்கே வேலை இல்லை. கார் ஓட்டுவதை நிறுத்தியதற்கு மனைவி மியூரியலிடம் மூட்டுவலி என்று சொல்லி வைத்திருந்தார். இங்கே என்ன சொல்வது?

"சரி" என்றார் ரோலண்ட். "எதிர்க்கிறவனே தேர்ந்தெடுக்கட்டும். அப்பதான் பின்னாடி குறை சொல்ல மாட்டான். ஹெட்லி, நீயும் கிளெனிஸும் பாத்து ஒண்ணைச் சொல்லுங்க."

கிளெனிஸ் வீடுகளுக்குத் திருட்டு அலாரம் பொருத்துபவள். ஐம்பதைத் தொட்டவள். மறுவாரமே ஒரு பிஸ்கட் டப்பாவில் இரண்டு வகை செர்வோக்களைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தாள். டீயை ஊற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

முதலாவது நீல நிறம். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். கிளெனிஸ் அதை ஒரு பாயின்ட்டின் அடியில் மாட்டி இயக்கினாள். நாக்கு மெல்ல நகர்ந்து தண்டவாளத்தோடு ஒட்டியது. ஒட்டிய பிறகும் மோட்டார் ஓயவில்லை. கொசுவைப்போல 'ங்ஙீ' என்று முனகிக்கொண்டே இருந்தது.

"இது சரியான அழுமூஞ்சி" என்றாள். "பல்லும் சீக்கிரம் தேஞ்சுடும். அடுத்ததைப் பாருங்க."

அடுத்ததில் பல்சக்கரம் உலோகம். போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. போன இடத்தில் கம்மென்று நின்றது.

"எது?" என்றாள் கிளெனிஸ்.

"நீலம்" என்றார் ஹெட்லி.

டீக்கோப்பை பாதி வழியில் நின்றது. "என்ன?"

"நீலம்தான். அதுல ஒரு… உயிர் இருக்கு."

"உயிரா? ஹெட்லி, அது சாகக் கிடக்கிற சத்தம்."

ஹெட்லி இஞ்சி பிஸ்கட்டை டீயில் நனைப்பதில் மும்முரமானார். கிளெனிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருடன் எந்த ஜன்னலில் வருவான் என்று யோசித்தே பிழைப்பவள் அவள். சத்தமில்லாததை வேண்டாமென்று ஒருவர் ஏன் சொல்ல வேண்டும்? எழுந்து மறுகோடிக்குப் போனாள். அங்கே ஒரு பாயின்ட்டை விரலால் தள்ளிவிட்டுக் கேட்டாள்:

"இப்ப இது எந்தப் பக்கம் இருக்கு?"

"நேர் வழி."

"இப்ப?"

அவள் கையை அசைக்கவே இல்லை. ஹெட்லி கொஞ்சம் தயங்கி, "திருப்பி விட்டிருக்க" என்றார்.

கிளெனிஸ் திரும்பி வந்து நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எத்தனை நாளா இப்படி?"

பொய் சொல்லப் பார்த்தார், வாய் வரவில்லை. "நாள் கணக்கு தாண்டிப் போச்சு. மியூரியலுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரின்னாலே பயம். கண்ணுல கத்தி வெப்பாங்களாமே."

"முழிச்சிருக்கும்போதே வெப்பாங்க. எங்க அம்மாவுக்குப் புரை எடுக்க வெச்சாங்க. அன்னிக்கு சாயந்தரமே, வீடு ஏன் இப்படி அழுக்கா இருக்குன்னு என்னைத் திட்டுனாங்க."

ஹெட்லிக்குச் சிரிப்பு வந்தது. "ரோலண்ட்கிட்ட சொல்லாத."

"சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும். ஆனா நீலம் வேணாம். கண்காட்சி முழுக்க ஒரு கொசுக் கூட்டம் கத்துற மாதிரி இருக்கும். நான் வேற வழி பண்றேன்."

உலோகப் பல் வைத்ததையே எல்லா பாயின்ட்டுக்கும் போட்டார்கள். செர்வோவின் கை கடைசிவரை போய்ச் சேர்ந்தால் ஒரு குட்டி சுவிட்சைத் தொடும். சுவிட்ச், மின்சாரத்தை மாற்றிவிடும் ரிலே என்ற சின்னப் பெட்டியை இயக்கும். ரிலே 'டக்' என்று ஒரு சொடுக்கு போடும். தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில் மின்சாரத்தை மாற்றிவிட எப்படியும் ரிலே வேண்டும் என்பதால், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவற்றையெல்லாம் கொண்டுபோய் ஹெட்லியின் பலகைக்கு அடியிலேயே கிளெனிஸ் ஏன் வரிசையாகப் பதித்தாள் என்றும் கேட்கவில்லை. ஒன்றைத் தகரத்தில், ஒன்றை மரத்தில், ஒன்றைத் தக்கையில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் வைத்திருந்தாள். ஒரே மாலையில் ஹெட்லி அத்தனை குரலையும் பழகிக்கொண்டார்.

கண்காட்சியன்று டவுன் ஹாலில் கூட்டம் நெரிந்தது. நடைமேடைப் பயணிகள் காலையிலிருந்து நின்றபடியே இருந்தார்கள். ரோலண்ட் மறுகோடியில் நின்று தனக்குப் பிடித்த எக்ஸ்பிரஸை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஹெட்லி, கிளை வழி குடு. வேகமா வர்றேன்."

ஹெட்லி சுவிட்சைத் தட்டினார். காத்தார். தகரத்தின் குரல் வரவில்லை.

"நிறுத்து ரோலண்ட்."

"என்னய்யா?"

"நிறுத்துன்னா நிறுத்து."

ரோலண்ட் வேகத்துக்கு முறுக்கியிருந்த குமிழைப் பின்னால் திருப்பினார். பிரதான வழியில் நின்றுகொண்டிருந்த பால் ரயிலின் பின்பக்கத்தை முகர்ந்து பார்ப்பதுபோல எக்ஸ்பிரஸ் நின்றது. கிளெனிஸ் மறுகோடியில் ரயில்வேக்கு அடியில் புகுந்து பார்த்தாள். இங்கே கொண்டுவர ஏற்றி இறக்கியதில் ஒரு செர்வோவின் செருகி கழன்றிருந்தது. பாயின்ட் நகரவே இல்லை.

"எனக்குப் பக்கத்துல இருக்கு, நானே பாக்கல" என்றார் ரோலண்ட். "அவ்வளவு தூரத்துலேருந்து உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஹெட்லி கிளெனிஸைப் பார்த்தார். அவள் கவனமாக வேறு எங்கோ பார்த்தாள்.

"தெரியல ரோலண்ட். எனக்கு அங்க ஒண்ணுமே தெரியல. உன் மூஞ்சியே ஒரு உருண்டையாத்தான் தெரியுது. காதை வெச்சுத்தான் ஓட்டுறேன்."

ரோலண்ட் குனிந்து எக்ஸ்பிரஸின் இன்ஜினைப் பார்த்தார்.

"அப்ப என் பச்சை இன்ஜினுக்குப் பெயின்ட் அடிச்சது?"

"நான்தான்."

"அது காப்பிப்பொடி நிறத்துல இருக்குய்யா. நீ மனசு வருத்தப்படுவேன்னு ஒரு வருஷமா வாயை மூடிட்டு ஓட்டிட்டிருக்கேன்."

முதலில் கிளெனிஸ் சிரித்தாள். அப்புறம் ஹெட்லியால் அடக்க முடியவில்லை. தடுப்புக்கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள், காரணம் தெரியாமலே தாங்களும் சிரித்தார்கள்.

அன்று மாலை மண்டபத்துக்கு எதிரே மீனும் சிப்ஸும் வாங்கி, சுவரோரம் நின்று காகிதத்திலிருந்தே சாப்பிட்டார்கள். கூட்டிப்போக வந்த மியூரியல் காரை நிறுத்திவிட்டு இறங்கினாள். ஹெட்லி அவளை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"மூட்டுவலின்னு சொன்னீங்களே" என்றாள் அவள்.

"மூட்டும் வலிக்குது."

மியூரியல் அவர் கையிலிருந்த பொட்டலத்திலிருந்து பெரிய மீன் துண்டை எடுத்துக்கொண்டாள். "திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். நான் பக்கத்துலயே இருப்பேன். இப்ப வண்டியில ஏறுங்க. இல்ல, அது இல்ல, அது வேற யாரோட வண்டியோ."